பொட்டலத்தின் மேல் எழுதாத பெயர்

போன மாதம் முட்டிவலிக்குத் தைலம் வாங்க உங்கள் மருந்தகத்துக்கு வந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றார். மடியிலிருந்து ஒரு இலைக்கட்டை எடுத்து மேசையில் வைத்து, "இதையும் சேத்துச் சாப்பிடலாமா தம்பி?" என்று கேட்டார். உங்களில் ஒருவர் அதை இரண்டு விரலால் தூக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். "இதெல்லாம் விஷம், பெரியவரே." அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போன பிறகு பக்கத்திலிருந்த இன்னொருவர் சொன்னார்: "பச்சிலைதானே லா, என்ன செஞ்சிடப் போவுது?"

எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. யார் மேல் அதிகம் என்று அங்கே முடிவு செய்ய முடியவில்லை. தைலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இப்போதும் முடிவு செய்யவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தே கேளுங்கள். நீங்கள் செய்த இரண்டு தப்பையும் ஒரே வாரத்தில் செய்தவன் நான்.

எங்கள் காலத்தில், தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் காயம் கட்டிய எங்களை டிரெஸ்ஸர் என்றார்கள். நான் முதலில் வேலை பார்த்த ரப்பர் தோட்டம் இந்த மலாய் மண்ணில் ரெங்கம் ரயிலடியிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பெயர் வேண்டாம். முப்பதுகளின் தொடக்கம் அது. ரப்பர் விலை விழுந்து கிடந்தது. ஆளைக் குறைக்கத் தோட்டத்தில் சாக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி என்று ஒரு பலகைக் கட்டடம், சில கட்டில்கள், நான். எனக்கு மேலே மாதம் ஒருமுறை சுற்றுக்கு வரும் வெள்ளைக்கார டாக்டர். அவர் வரும் நாளுக்கு, வேலைக்கு லாயக்கில்லாதவர்கள் பட்டியலை நான் எழுதி வைக்க வேண்டும். அவர் ஆளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால், அந்த ஆள் அடுத்த கப்பலில் கடல் தாண்டிச் சொந்த ஊருக்குப் போக வேண்டியதுதான். ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் அதைக் கப்பல் பட்டியல் என்பார்கள்.

விடிந்தும் விடியாமலும் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். மலேரியாவுக்காகப் பெரட்டில் எல்லோருக்கும் ஒரு தகரக் குவளை கொய்னாத் தண்ணீர் கொடுப்போம். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு, நாக்கு மத்தியானம் வரை செத்துக் கிடக்கும். கண் மறைந்ததும் துப்பிவிடுவார்கள். அதனால் என் முன்னாலேயே குடித்து, வாயைத் திறந்து காட்ட வேண்டும் என்பது விதி. "குடி. வாயைத் தெற. போ." அந்தத் தோட்டத்தில் நான் ஆறு வருடம் பேசிய பேச்சில் பாதி இதுவாகத்தான் இருக்கும். என்ன மருந்து என்று கேட்டவனுக்குக் கங்காணியின் பிரம்பு பதில் சொல்லும். ஒன்றிரண்டு முறை என் கையும் பதில் சொல்லியிருக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதை மறைத்தால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

அந்த வரிசையில் பூவாயி என்று ஒரு பெண் நிற்பாள். முப்பது வயது இருக்கலாம். பால் இறக்க ரப்பர் மரம் வெட்டுவதில் அவளை மிஞ்ச ஆண்பிள்ளைகளே அங்கே குறைவு. ஆனால் மழைக்காலம் வந்தால் இழுப்பு வந்துவிடும். நாலு மரம் வெட்டுவதற்குள் நெஞ்சு சீட்டியடிக்கும். போன சுற்றில் டாக்டர் அவள் முதுகில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் பட்டியலில் எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதைக் கேட்டு மறுநாளே ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். "என்னெயக் கப்பல்ல ஏத்திடாதீங்கய்யா" என்றாள். அழவில்லை, கெஞ்சவும் இல்லை. கட்டளை போடுகிற மாதிரி சொன்னாள். அவளும் அவள் புருஷன் சடையனும் வேறு வேறு சாதி. ஊரைவிட்டு ஓடிவந்து கப்பலேறியவர்கள். அவள் அண்ணன்மார் அரிவாளோடு துறைமுகம் வரை வந்த கதை லயத்தில் எல்லோருக்கும் தெரியும். "அங்க எறங்குற அன்னிக்கே என் கதை முடிஞ்சிரும். இங்க மூச்சு முட்டிச் செத்தாலும் எம்புருசன் பக்கத்துல சாவுறேன்."

அவள் இழுப்புக்கு மருந்து இல்லாமல் இல்லை. சீமையிலிருந்து தகர டப்பாவில் சாம்பல் நிறத்தில் ஒரு பொடி வரும். ஒரு சிட்டிகையைத் தட்டில் வைத்துக் கொளுத்திப் புகையை இழுக்கச் சொன்னால் கொஞ்ச நேரத்தில் மார்பு இளகும். முன்பு அவளுக்கே கொளுத்திக் கொடுத்திருக்கிறேன். அது தீர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. மூன்று முறை கேட்டு எழுதினேன். மூன்று முறையும் டாக்டர் சிவப்பு மையால் அடித்து, கூலிகளுக்குத் தேவையில்லை என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார்.

காலி டப்பாவை நான் எறியவில்லை. அதன் மேல் அச்சிட்டிருந்த லத்தீன் பெயரை மருந்துப் புத்தகத்தில் தேடினேன். படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஊமத்தை! நம் ஊமத்தையின் கூடப்பிறந்த செடி. நம்முடையதும் அதே வேலை செய்யும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. சீமையிலிருந்து வரும் என்று நான் காத்துக் கிடந்த சரக்கு, எங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வெள்ளைப் பூவோடு நின்றுகொண்டிருந்தது.

மலாய்க்காரர்கள் அதைக் கெச்சுபோங் என்பார்கள். நம்மவர்கள் இலையில் விளக்கெண்ணெய் தடவி, அனலில் வாட்டி, வீங்கிய முட்டியில் கட்டுவார்கள். சாற்றைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி ஆறாத புண்ணுக்குப் பூசுவார்கள். காய்ந்த இலையைச் சுருட்டி இழுப்புக்குப் புகைப்பவர்களும் உண்டு. ஆனால் வயிற்றுக்குள் போனால் புத்தி பேதலித்துவிடும் என்பதும் சின்னப் பிள்ளை வரைக்கும் தெரிந்த விஷயம். ஊமத்தை என்று பெயரைச் சொன்னால் பூவாயி கையால் தொடமாட்டாள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் பச்சிலை புழங்கக் கூடாது என்று டாக்டரின் உத்தரவும் இருந்தது. ஆகவே யாருக்கும் தெரியாமல் இலையைப் பறித்தேன். ரப்பர்ப் பாலைத் தகடாக்கிய சீட்டு உலர்த்தும் புகைக் கொட்டகையில் இரண்டு நாள் காயவைத்தேன். நொறுக்கிப் பழைய பத்திரிகைத் தாளில் மடித்தேன். மேலே ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. பெரிய கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

டாக்டர் வருவதற்கு முந்தின நாள், காயத்துக்கு மருந்து கட்ட வந்த கூட்டத்துக்கு நடுவே சடையன் கையில் பொட்டலத்தைத் திணித்தேன். "இழுப்பு வந்தா ஒரு சிட்டிகை போதும். யாருகிட்டயும் மூச்சு விடாத." அவ்வளவுதான் சொன்னேன். அந்த ஒரு சிட்டிகையை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. டப்பாப் பொடியைப் புகைத்தவள்தானே, தெரியாமலா போகும் என்று இருந்துவிட்டேன். அது சாம்பல் பொடி, இது பச்சைத் தூள். இரண்டும் ஒன்று என்று எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் பெரட்டில் பூவாயி கொய்னாவைக் குடித்துவிட்டு வாயைத் திறந்து காட்டினாள். நாக்கு வறண்ட மண் மாதிரி காய்ந்து கிடந்தது. நான் பார்த்தேன். கண்ணால் பார்த்தேன். துப்பாமல் குடித்துவிட்டாளா என்பது மட்டும்தான் எனக்குக் கவலை. "போ" என்றேன்.

ஒன்பது மணி இருக்கும், வாசலில் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். பூவாயி ஆஸ்பத்திரித் தூணில் வெட்டுக் கத்தியை வைத்துப் பால் மரத்தைச் சீவுகிற மாதிரி சீவிக்கொண்டிருந்தாள். "பால் ஊத்துது பாரு, ஊத்துது பாரு, மங்கை வையி!" என்று கத்தினாள். மங்கு என்பது பால் பிடிக்கிற கிண்ணம். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. உடம்பு கொதித்தது, ஒரு பொட்டு வேர்வை இல்லை. கண்மணி இரண்டும் அகல விரிந்திருந்தன. இடது கை காற்றில் இல்லாத நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தது. சடையன் பின்னாலிருந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னடா குடிச்சா?"

"நீங்க குடுத்ததைத்தான்யா. விடியங்காட்டியும் முழுப் பொட்டலத்தையும் கொதிக்கவச்சுக் குடிச்சிட்டா. டாக்டர் வர்ற நாளாச்சே, ஒரு சிட்டிகை எந்த மூலைக்கின்னா."

அவளை உள்ளே தூக்கிப்போய், சடையனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வயிற்றைக் கழுவினேன். அந்த வேலையை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, கை வேலையைச் சரியாகத்தான் செய்தேன். வாய்தான் சரியாக நடக்கவில்லை. கங்காணி ஓடிவந்து, "பேய் புடிச்சிருக்கு, வேப்பிலை கொண்டாரச் சொல்லவா?" என்று கேட்டார். நான் யோசிக்காமல், "காய்ச்சல், மூளைக்கு ஏறிடுச்சு" என்று சொல்லிவிட்டேன். சடையன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

மத்தியானம் டாக்டர் வந்தார். வாசலிலேயே கங்காணி காய்ச்சல் கதையைச் சொல்லிவிட்டார். டாக்டர் நெற்றியைத் தொட்டார், சுட்டது. பிதற்றலைக் கேட்டார். மலேரியா மூளையைத் தாக்கியிருக்கிறது என்று சொல்லி, ஊசியை எடுத்து அதற்குள் கொய்னா மருந்தை உறிஞ்சி எடுத்தார். எந்த டாக்டரும் அந்த நிலைமையில் அதைத்தான் செய்திருப்பார். என்னை அவள் கையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். என் விரலுக்கடியில் அவள் நாடி எண்ண முடியாத ஓட்டம் ஓடியது. அந்த நெஞ்சுக்கு மேலே அந்த ஊசியும் போனால் தாங்குமா என்று எனக்குத் தெரியாது. தாங்காது என்றுதான் தோன்றியது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலை தப்பும். அவள் செத்தால் காய்ச்சலில் போனாள் என்று எழுதுவார்கள். சடையன் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? புருஷனே விஷம் வைத்தான் என்று அவனைத்தான் பிடித்துப்போவார்கள். இவ்வளவும் ஊசி மேலே எழும்பி வருகிற நேரத்துக்குள் என் மண்டையில் ஓடியது. அவ்வளவு வேகமாக இந்தக் கணக்கைப் போட்ட மண்டையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

"ஊசி போடாதீர்கள், டாக்டர். இது காய்ச்சல் இல்லை. ஊமத்தை. கொடுத்தது நான்."

ஊசியோடு அவர் கை அப்படியே நின்றது. "நீயா?"

"முதலில் அவளைப் பாருங்கள். என்னைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

நல்லதையும் சொல்ல வேண்டும். அந்த மனிதர் உடனே ஊசியைக் கீழே வைத்தார். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, சாயங்காலம் வரை அவள் கட்டிலைவிட்டு நகரவில்லை; அன்றிரவு தோட்டத்திலேயே தங்கினார். சன்னலை மூடினோம், ஈரத்துணி போட்டோம், நாடியைப் பிடித்தபடி மாறி மாறி உட்கார்ந்தோம். மறுநாள் மத்தியானம் அவள் சடையனைப் பார்த்து, "ஏன் இப்படி மொகரைய வச்சிருக்க?" என்று கேட்டாள். அவன் கட்டிலுக்கடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

பிறகு டாக்டர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். பட்டியல் நோட்டு மேசையில் திறந்திருந்தது. "அவள் பெயரை எழுது. பிறகு உன் ராஜினாமாவை எழுது."

"எழுத மாட்டேன்" என்றேன். என் குரலைக் கேட்டு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. உள்ளே போய்க் காலி டப்பாவையும், சிவப்பு மையடித்த மூன்று தாள்களையும் எடுத்துவந்து நோட்டின் மேலேயே வைத்தேன். "இது உங்கள் பொடி. இதுவும் ஊமத்தைதான். மூன்று முறை கேட்டேன், மூன்று முறை அடித்தீர்கள்."

அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று செய்தவனுக்குத் தெரியும். உன் மாட்டுக் கொட்டகை இலையில் எவ்வளவு என்று உனக்குத் தெரியுமா?"

சரியான கேள்வி. மழையில் நின்ற செடிக்கும் வெயிலில் நின்ற செடிக்கும் வீரியம் ஒன்றில்லை. இளசும் முற்றலும் ஒன்றில்லை. விதை எல்லாவற்றையும்விடக் கொடியது. இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் கண் மதிப்பில் மடித்துக் கொடுத்தேன்.

"தெரியாது" என்றேன். "அது என் தப்பு. டப்பா வராதது உங்கள் தப்பு. இதில் அவள் தப்பு எங்கே இருக்கிறது, டாக்டர்? தப்புச் செய்த நாம் இரண்டு பேரும் இங்கே இருப்போம், அவள் மட்டும் கப்பலேற வேண்டுமா? எழுதுவதானால் நீங்களே எழுதுங்கள். இந்த மூன்று தாளையும் அதோடு தைத்து அனுப்புங்கள்."

அவர் அதே சிவப்புப் பேனாவை எடுத்து, மூன்றாவது தாளில் தான் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில், 'இரண்டு டப்பா, உடனே' என்று எழுதினார். அவளுக்கு ஒரு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் மூச்சு சீரானால் இருக்கலாம், இல்லாவிட்டால் கப்பல். எனக்கு எழுத்தில் கண்டனம் வந்தது. வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. பின்னால் கோத்தா திங்கிப் பக்கம் ஆற்று வெள்ளம் ஏறும் ஒரு மூலைத் தோட்டத்துக்குத் தள்ளினார்கள். போகட்டும். அந்தத் தாழ்வாரத்தில் பேசியதில் ஒரு சொல்லைக்கூட நான் இன்றைக்கும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன் பாருங்கள், பூவாயி அதை ஒரே வார்த்தையில் இறக்கிவைத்தாள். செல்லமாகக் கோபித்துக்கொள்கிற தோரணையில், "ஒரு சிட்டிகைன்னுதானே சொன்னேன்? என்ன செய்யறதுன்னு தெரியலேன்னா வந்து கேக்குறதுக்கு என்ன?" என்றேன்.

"கேட்டா அடிப்பீங்களேய்யா" என்றாள்.

குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லை. மழை பெய்தால் நனையும் என்கிற மாதிரி சொன்னாள். "நீங்க எது குடுத்தாலும் குடிக்கணும், வாயத் தெறந்து காட்டணும். அதானே பழக்கம்? அதான் குடிச்சேன்."

ஆறு வருடம் நான் தினமும் விடிகாலையில் சொல்லிக் கொடுத்த பாடம் அது. நன்றாகப் படித்திருந்தாள்.

இலையைக் குப்பையில் போட்ட தம்பிக்குச் சொல்கிறேன்: உன் அலமாரியில் இருக்கும் மருந்தில் எத்தனை, ஏதோ ஒரு கொல்லையில் பூத்த செடியிலிருந்து வந்தது என்று புத்தகத்தைத் திறந்து பார். பச்சிலை ஒன்றும் செய்யாது என்ற தம்பிக்கும் சொல்கிறேன்: ஒன்றும் செய்யாத இலை நோயையும் ஒன்றும் செய்யாது. நோயைத் தொடுகிற இலை ஆளையும் தொடும். இன்றைக்கு இழுப்புக்கு ஊமத்தையைவிட நல்ல மருந்துகள் உங்கள் கையில் இருக்கின்றன, அதனால் யாரும் என்னைப் பார்த்துப் பொட்டலம் மடிக்கக் கிளம்ப வேண்டாம். ஆனால் அந்தப் பெரியவர் உங்களிடம் வந்து கேட்டார். கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அது லேசில் வந்ததில்லை. அவர் வீட்டைத் தேடிப் போங்கள். அது என்ன இலை, எதற்கு, எவ்வளவு, உங்கள் மாத்திரையோடு சேருமா சேராதா என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

தவணை முடிந்த அன்று டாக்டர் விடியற்காலையிலேயே பெரட்டுக்கு வந்து நின்றார், பட்டியல் நோட்டோடு. புது டப்பா வந்து பூவாயிக்கு நான் பார்த்துப் பார்த்துக் கொளுத்திக் கொடுத்திருந்தேன். இருந்தாலும் அன்றைக்குப் பனி கொட்டியது. அவள் முறை வந்ததும் குவளையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"இது என்னாதுங்கய்யா?" என்றாள், வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி.

கங்காணியின் பிரம்பு மேலே போனது. நான் குறுக்கே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கையில் தடித்துவிட்டது. "கொய்னா. காய்ச்சல் வராம இருக்க."

"எம்புட்டுக் குடிக்கணும்?"

"இந்தக் குவளை அளவு."

"கூடக் குடிச்சா?"

"காது இரையும், கண்ணு மங்கும். குடிக்கக் கூடாது."

"குடிக்கத்தானே? பொகைக்கிறதுக்கு இல்லையே?"

வரிசையே சிரித்துவிட்டது. டாக்டர் கிட்ட வந்தார். "என்ன சொல்கிறாள்?"

"மருந்தைப் பற்றி விசாரிக்கிறாள், டாக்டர். நாலு கேள்வி கேட்டாள். நடுவில் ஒருமுறைகூட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை."

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். அவர் ஒன்றும் எழுதாமல் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பூவாயி குவளையை வாங்கி மடமடவென்று குடித்தாள். பழக்கதோஷத்தில் என் வாய் 'வாயைத் தெற' என்று சொல்லக் கிளம்பி, பாதியில் நின்றது. அவள் வாயைத் திறந்து காட்டவும் இல்லை. குவளையை என் கையில் கொடுத்துவிட்டு, வாளியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு, சடையனுக்கு முன்னால் ரப்பர்க் காட்டுப் பாதையில் நடந்தாள். அவளுக்கு அடுத்து நின்றவர் முன்னால் வந்தார். ஆறு வருடமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாத மனிதர். குவளையை வாங்கி மோந்து பார்த்தார்.

"எனக்கும் சொல்லுங்கய்யா. இது என்னாது?"

அன்றைக்கு ஆட்கள் காட்டுக்குள் இறங்க வெகுநேரமாகிவிட்டது.